ஓட்டோவில் ஏற்றியது பிழையா? நெஞ்சு அழுத்துவது, ஷொக் பெட்டி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஒழுங்கைமூலை (செவ்வாய், இரவு 9.40)

எழுதலாமா விடலாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எட்டுச்செலவு இன்னும் முடியவில்லை.

கடந்த வெள்ளி பின்னேரம் எங்கள் சனசமூக நிலையத் திடலில் கரப்பந்து நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா விளையாடவில்லை. அவர் என் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, வயது 54. கோட்டுக்கு வெளியே நின்று வழக்கம்போல இரண்டு பக்கத்தையும் ஏசிக்கொண்டிருந்தார். மத்தியானமே நெஞ்சு எரிகிறது, வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். அது பிறகு சித்தி சொல்லித்தான் தெரிந்தது. இரண்டாம் சுற்று முடிகிற நேரம் தண்ணீர்த் தொட்டிக் கட்டில் போய் இருந்தார். யாரோ "பந்து, பந்து" என்று கத்த நான் அந்தப் பக்கம் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அவர் நிலத்தில் கிடந்தார்.

அசைவில்லை. ஆனால் மூச்சு விட்டார். குறட்டை போல ஒரு சத்தம், நீண்ட இடைவெளி விட்டு விட்டு, வாய் திறந்து மூடியது. ஒருவர் வலிப்பு என்று சொல்லி மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் திணித்தார். இன்னொருவர் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். நாலு பேராகத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினோம். கால்கள் வெளியே, தலை என் மடியில். தண்டவாளக் கடவை மூடியிருந்தது. ரயில் போய் முடியும்வரை அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது கைபேசியைப் பார்த்தேன். விழுந்து 26 நிமிடம். உள்ளே கொண்டுபோய் அழுத்தினார்கள், பிறகு வெளியே வந்து சொன்னார்கள்.

ஓர் இளம் வைத்தியர், "விழுந்த இடத்தில் யாராவது நெஞ்சை அழுத்தினீர்களா?" என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை; படிவத்தில் எழுதத்தான் கேட்டார். இல்லை என்றேன்.

ஓட்டோவில் ஏற்றியது பிழையா? ஆறுதல் வேண்டாம்.

வடலி (செவ்வாய், இரவு 10.05)

ஆழ்ந்த அனுதாபங்கள். நான்கு பேர் ஓடிவந்து தூக்கினீர்களே, அதற்கு மேல் மனிதன் என்ன செய்வது? விதி முடிந்தால் வைத்தியர் வீட்டு வாசலில் விழுந்தாலும் அவ்வளவுதான். இதைக் கிளறாதீர்கள் தம்பி.

இரவுக்கடமை (புதன், காலை 7.30)

கடமை முடிந்து வந்து இப்போதுதான் பார்த்தேன். 19 வருடமாகத் தாதி, அதில் பாதிக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவில். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம்.

தம்பி, ஏற்றியிருக்கக் கூடாது. உங்கள் குற்றமும் இல்லை. ஆள் விழுந்தால் வாகனம் பிடி என்றுதான் இந்த ஊரில் எல்லோரும் வளர்ந்தோம். நானும் தாதிப் பயிற்சிக்குப் போகாமல் இருந்திருந்தால் ஓட்டோவைத்தான் கூப்பிட்டிருப்பேன்.

நீங்கள் மூச்சு என்று நினைத்தது மூச்சு இல்லை. சேடம் இழுக்கிறது என்று ஆச்சிமார் சொல்வார்களே, அதுதான். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் மூளைத்தண்டு தானாக இழுக்கும் இழுப்பு அது. அதில் காற்றுப் போதாது, இரத்தமும் ஓடாது. எங்களிடம் வருகிற சொந்தக்காரர்களில் பலர், "வழியெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டுதான் வந்தார்" என்று சத்தியம் செய்வார்கள். பொய் சொல்வதில்லை. அவர்கள் கண்டது அந்த இழுப்பை.

ஆகவே மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். தோளில் தட்டிக் கூப்பிட்டால் எழும்பவில்லை, மூச்சு வழமையாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு அழுத்தத் தொடங்குங்கள். கைநாடி தேடிக்கொண்டிருக்காதீர்கள். பழகியவர்களுக்கே அது பிழைக்கும்.

எப்படி அழுத்துவது என்றால், கட்டிலிலும் மெத்தையிலும் செய்தால் மெத்தைதான் அமுங்கும். ஆளை நிலத்தில் மல்லாக்கக் கிடத்துங்கள். பக்கத்தில் முழங்காலில் நில்லுங்கள். நெஞ்சின் நடு எலும்பு இருக்கிறதே, அதன் கீழ்ப் பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றக் கையை அதன் மேல் கோர்த்துக்கொள்ளுங்கள். முழங்கையை மடிக்காமல், உங்கள் தோள் அவர் நெஞ்சுக்கு நேர் மேலே வரும்படி குனிந்து, உடல் பாரத்தால் அழுத்துங்கள். வளர்ந்தவருக்கு 5 சென்ரிமீற்றர் ஆழம். 6க்கு மேல் வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். மேலே வரும்போதுதான் இதயத்துக்குள் இரத்தம் நிரம்புகிறது. அமுக்கியபடியே நின்றால் வெறும் குலுக்கல். இரண்டு நிமிடத்தில் உங்களுக்குக் கை ஓய்ந்துவிடும். ஓயவில்லை என்று நீங்கள் நினைத்தாலும் ஆழம் குறைந்திருக்கும். ஆளை மாற்றுங்கள்.

ஓட்டோவின் பின் சீற்றில் இதில் எது முடியும்? மடங்கிக் கிடக்கும் உடம்பு, மடியில் தலை. 26 நிமிடமும் மூளைக்கு ஒரு சொட்டு இரத்தம் போகவில்லை. இதயம் நின்று நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பழுதாகத் தொடங்கும். யாரும் அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 வீதத்தைத் தின்றுவிடும் என்பது எங்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பெரும்பாலானோர் திரும்புவதில்லை. ஆகவே, அழுத்தியிருந்தால் சித்தப்பா இருந்திருப்பார் என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது. நானும் சொல்லமாட்டேன்.

ஓட்டோவில் வந்து இறங்குபவர்களின் மேற்சட்டையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மேல் பொத்தான்கூடக் கழற்றாமல், இஸ்திரி மடிப்புக் குலையாமல் இருக்கும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது தெரிந்துவிடும், இந்த நெஞ்சில் இதுவரை யாரும் கை வைக்கவில்லை என்று.

மூன்றுசில்லு (புதன், மத்தியானம் 1.15)

அக்கா, நான் ஓட்டோ ஓடுகிறேன். நீங்கள் எழுதியதைச் சந்தியில் நின்று இரண்டு தடவை வாசித்தேன். கோபமும் வந்தது.

என் சீற்றில் இப்படி ஏற்றிப் போனவர்களை எண்ணி வைத்திருக்கிறேன். ஏழு பேர். சனம் கூரையில் அடித்து "ஓடு, ஓடு" என்று கத்தும்போது நான் இறங்கி நின்று விளக்கம் சொல்வதா? அம்புலன்ஸ் வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றான் என்று ஒரு கதை கிளம்பினால் அந்த ஒழுங்கைக்குள் நான் பிறகு தலை காட்ட முடியாது.

மற்றது, அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடித்தால் முதலில் இடம் கேட்பார்கள். எங்கள் ஒழுங்கைகளுக்கு என்ன இடம்? வைரவர் கோயிலடி. பச்சை மதில். கிணற்றடிச் சந்தியில் இருந்து மூன்றாவது முடக்கு. இப்படிச் சொல்லி ஒரு முறை அம்புலன்ஸ் வேறு வைரவரிடம் போய் நின்றது. நம்மூரில் வைரவருக்கா குறைவு?

இரவுக்கடமை (புதன், பின்னேரம் 4.50)

நியாயமான கோபம். ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லவில்லையே. அழுத்திக்கொண்டு நிற்கச் சொல்கிறேன்.

ஒருவர் அழுத்த, இன்னொருவர் 1990க்கு அடித்து, கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பக்கத்தில் வைக்கட்டும். அந்தச் சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது; காசு இல்லை. வைரவரைச் சொல்லாமல் தெரு, சந்தி, பாடசாலை என்று பெரிய அடையாளத்தைச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டோவை எடுத்துக்கொண்டு பெரிய றோட்டுக்குப் போய் நில்லுங்கள். அம்புலன்ஸைக் கண்டதும் முன்னால் ஓடி வழிகாட்டுங்கள். கூரையில் அடிக்கும் சனத்துக்கும் ஓட்டோ ஓடினது கண்ணுக்குத் தெரியும்.

மூன்றுசில்லு (புதன், பின்னேரம் 5.10)

இது சரி. இதைச் செய்யலாம்.

தீவான் (புதன், இரவு 8.00)

நெடுந்தீவில் இருந்து. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகே ஒரு மணித்தியாலம். நீங்கள் கடவை மூடியிருந்த கதை சொல்கிறீர்கள்.

ஸ்காபரோ குளிர் (வியாழன், அதிகாலை 3.20)

வாசித்ததில் இருந்து நித்திரை இல்லை. இங்கே கனடாவில் நான் வேலை செய்யும் கட்டடத்தில், பிள்ளைகள் ஹொக்கி விளையாடும் அரங்கில், நூலகத்தில், எங்கு பார்த்தாலும் சுவரில் ஷொக் கொடுக்கும் பெட்டி தொங்குகிறது. ஏ.ஈ.டி என்பார்கள். படிக்காதவனும் பாவிக்கலாம். திறந்தால் அதுவே பேசும்.

2021 யூன் 12, கோப்பன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் உதைபந்து விளையாடியபோது டென்மார்க் வீரர் எரிக்சன் மைதானத்தில் விழுந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அங்கேயே அழுத்தினார்கள், அங்கேயே ஷொக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அவர் இங்கிலாந்தில் திரும்ப விளையாடினார். அவரை ஓட்டோவில் ஏற்றியிருந்தால்?

ஒரு பெட்டி இங்கே ஆயிரத்து ஐந்நூறு டொலருக்கு மேல் வரும். எங்கள் ஊர்ச் சங்கத்தில் கதைத்தால் ஐந்து பெட்டிக்குக் காசு சேர்க்கலாம். யாருக்கு அனுப்புவது என்று மட்டும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை (வியாழன், காலை 9.00)

வந்துவிட்டதா வெளிநாட்டுக் காசு. மன்னிக்க வேண்டும், நான் ஒரு சனசமூக நிலையத்தில் பொருளாளராகப் பதினான்கு வருடம் இருந்தவன். சங்கங்கள் தந்த ஆறு கணினிகளை நான் பொலித்தீன் கழற்றாமல் கறையானுக்குக் கொடுத்திருக்கிறேன். பெட்டி வரும். திறப்பு விழா வைப்போம். உபயம் இன்னார் என்று கல் பதிப்போம். பெட்டியை விடக் கல் பெரிதாக இருக்கும். பிறகு அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைச் செயலாளர் வீட்டுக்குக் கொண்டுபோவார். அவர் கொழும்புக்குப் போயிருக்கும் அன்றுதான் ஆள் விழும்.

பற்றறி எத்தனை வருடம்? நெஞ்சில் ஒட்டும் தாளுக்குக் காலாவதித் திகதி உண்டா? சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அது என்னவாகும்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு டொலரை எண்ணலாம்.

இரவுக்கடமை (வியாழன், இரவு 9.15)

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பற்றறி சாதாரணமாக நான்கைந்து வருடம். ஒட்டும் தாளில் ஒரு பசை இருக்கிறது. அது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும், பிறகு காய்ந்துவிடும். வெயிலும் அதற்கு ஆகாது. பெட்டி தன்னைத் தானே சோதித்துப் பச்சை விளக்குக் காட்டும். அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பெட்டி வாங்கும் காசில் ஒரு பங்கை அடுத்த தாளுக்கும் பற்றறிக்கும் எடுத்து வைக்காவிட்டால் உங்கள் கறையான் கதைதான்.

பெட்டி என்ன செய்கிறது என்பதையும் சொல்கிறேன். சினிமாவில் திரையில் கோடு நேராகப் போகும், வைத்தியர் ஷொக் கொடுப்பார், ஆள் துள்ளி எழும்பும். அப்படி நடக்காது. நேர்கோட்டுக்கு ஷொக் கொடுப்பதில்லை. இதயம் திடீரென்று நிற்கும்போது பல வேளைகளில் அது உண்மையில் நின்றிருக்காது. ஒரு சாக்குக்குள் போட்ட மண்புழுக்கள் மாதிரி ஒழுங்கில்லாமல் துடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நாரும் தன் பாட்டுக்கு இழுக்கும், இரத்தம் வெளியே போகாது. ஷொக் அந்தக் குழப்பத்தை ஒரேயடியாக நிறுத்துகிறது. அதன் பிறகு இதயம் தன் தாளத்தைத் தானே பிடித்தால் உண்டு. அந்தத் துடிப்பை அப்படியே விட்டால் சில நிமிடத்தில் அடங்கிக் கோடு நேராகிவிடும். அப்போது பெட்டியும் "ஷொக் வேண்டாம், அழுத்து" என்றுதான் சொல்லும். அழுத்துகிற கைகள் அந்தத் துடிப்பை இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு வைத்திருக்கும், பெட்டி வந்து சேரும்வரை. கை இல்லாத ஊரில் பெட்டி தேவையில்லை.

ஒட்டும் இடம் தாளிலேயே படமாக இருக்கும். ஒன்று முன்பக்கம் வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப் பக்கம். நம்மூர் வியர்வையில் ஒட்டாது. சாரத்தாலோ துவாயாலோ நெஞ்சை நன்றாகத் துடையுங்கள். மயிர் அடர்த்தி என்றால் சவர அலகால் ஓர் இழுவை. பெட்டி ஆராயும்போதும் ஷொக் கொடுக்கும்போதும் யாரும் தொடக் கூடாது. ஷொக் முடிந்த கணமே திரும்ப அழுத்த வேண்டும். எழும்புகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பதில்தான் எல்லோரும் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

பெண்கள் என்றால் நம்மவர்கள் கை வைக்கத் தயங்குவார்கள். பல நாடுகளில் கவனித்த விடயம்தான் இது, விழுந்தவர் பெண் என்றால் சுற்றி நிற்பவர்கள் அழுத்துவது குறைவு. சட்டையை வெட்டத்தான் வேண்டும். இரண்டு பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்து நிற்கலாம். தாலிக்கொடியைக் கழற்றத் தேவையில்லை, அபசகுனம் என்று அங்கே ஒரு வாக்குவாதம் வேண்டாம். ஒட்டும் தாள் அதன் மேல் படாமல் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள்.

இன்னொன்று, ஸ்காபரோத் தம்பிக்கு. பெட்டி எந்த மொழியில் பேசும்? அங்கே வாங்கினால் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் பேசும். நம்முடைய ஐம்பது வயது அம்மா அதைக் கேட்டு என்ன செய்வார்? தமிழில் பெரிய எழுத்தில் ஒரு மட்டை எழுதி மூடிக்குள் ஒட்ட வேண்டும்.

பாடு (வெள்ளி, காலை 6.10)

பாசையூரில் இருந்து எழுதுகிறேன். எரிக்சன் விழுந்த அன்று எங்கள் ஒழுங்கையே அழுதது. உதைபந்து தெரியாத வீடு இங்கே இல்லை.

என் கேள்வி கடல். தண்ணீரில் மூழ்கினவனைத் தூக்கிக் கொண்டுவந்தால் எங்கள் ஆட்கள் தலைகீழாகத் தோளில் போட்டு ஓடுவார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள். உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று கைபேசியில் ஒரு செய்தி சுற்றியது. அதை நம்பி உப்புக்கு ஆள் அனுப்பியவர்களையும் கண்டேன். இதற்கும் நெஞ்சு அழுத்துவதுதானா?

இரவுக்கடமை (வெள்ளி, காலை 8.40)

உப்பு கருவாட்டுக்கு மட்டும்.

மூழ்கினவருக்கு முறை கொஞ்சம் வேறு. சித்தப்பாவின் உடம்பில் விழும் நேரம் காற்று இருந்தது. இதயம்தான் முதலில் போனது. அப்படிப்பட்டவருக்கு, பழக்கம் இல்லாதவர்கள் வாயோடு வாய் வைக்காமல் நெஞ்சை மட்டும் அழுத்தினாலும் போதும். மூழ்கினவனுக்கு முதலில் போனது காற்று. ஆகவே நெற்றியைச் சாய்த்து முகவாயை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, நெஞ்சு உயர்வது தெரியும்படி முதலில் 5 தடவை ஊதுங்கள். பிறகு 30 அழுத்தம், 2 ஊதல், 30 அழுத்தம், 2 ஊதல். வயிற்றில் கை வைக்க வேண்டாம். வயிற்றுத் தண்ணீரும் சோறும் மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். வாந்தி தானாக வந்தால் பக்கவாட்டில் புரட்டித் துடைத்துவிட்டுத் தொடருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் ஊதல் முக்கியம். கைக்குழந்தை என்றால் இரண்டு பெருவிரல், 4 சென்ரிமீற்றர், அவ்வளவுதான்.

மெயின்சுவிட்ச் (வெள்ளி, பின்னேரம் 6.30)

நான் வயரிங் வேலை. கிணற்றடி மோட்டரில் கை வைத்து விழுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஈரக் காலோடு, பழுதான வயரோடு, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய் விழுவார்கள். இளம் பொடியன்கள். தயவு செய்து முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். மகனைப் பிடிக்கப் போய்த் தாயும் விழுந்த வீடு எனக்குத் தெரியும். நிறுத்த வழியில்லை என்றால் காய்ந்த பலகையால் வயரைத் தள்ளுங்கள். ஆள் விடுபட்ட பிறகுதான் அக்கா சொல்லும் அழுத்தம்.

பழைய ஏடு (வெள்ளி, இரவு 10.20)

மெயின்சுவிட்ச் தம்பிக்கு ஒரு சுவையான செய்தி. நெஞ்சு அழுத்துவதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் உங்கள் ஆள்தான். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் இருந்த கௌவென்ஹோவன் ஒரு மின்பொறியியலாளர். மின்சாரம் தாக்கி இறப்பவர்களைப் பற்றி ஆராய வந்தவர். நாய்களின் நெஞ்சில் ஷொக் கொடுக்கும் கனமான தட்டுகளை அழுத்தி வைக்கும்போதே இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதை அவருடைய கூடத்தில் நிக்கர்பொக்கர் என்ற மாணவர் கவனித்தார். அதாவது மின்சாரம் பாயும் முன்பே, வெறும் பாரத்தால். ஜூட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரும் சேர, மூவரும் 1960இல் கட்டுரை எழுதினார்கள். தேவைப்படுவது இரண்டு கைகள் மட்டுமே என்று அதில் இருக்கிறது. அதற்கு முன்னர் நெஞ்சைப் பிளந்து இதயத்தைக் கையால் பிசைந்தார்கள். 1947இல் கிளீவ்லண்டில் பெக் என்பவர் ஒரு 14 வயதுச் சிறுவனின் இதயத்துக்கு ஷொக் கொடுத்துக் காப்பாற்றியதும் நெஞ்சு திறந்திருந்த நிலையில்தான். பெல்பாஸ்ரில் பான்ரிட்ஜ் என்ற வைத்தியர் 1965இல் அம்புலன்ஸில் ஏற்றிய பெட்டி 70 கிலோ, கார் பற்றறியில் ஓடியது. இப்போது ஸ்காபரோவில் சுவரில் தொங்குகிறது.

மொழி விடயத்தில் இரவுக்கடமை சொன்னதற்கு ஒரு முன்னோடி இங்கேயே உண்டு. 1847இல் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். அந்த மண்ணில் ஒரு பெட்டி ஆங்கிலத்தில் பேசுவதாவது!

கணக்குப்பிள்ளை (சனி, காலை 7.45)

சரித்திரம் இனிக்கிறது. என் கசப்பான கேள்வி. அழுத்தும்போது விலா முறிந்தால்? ஆள் செத்தால் "இவன்தான் நெஞ்சில் ஏறிக் கொன்றான்" என்று பழி வராதா?

இரவுக்கடமை (சனி, காலை 11.00)

முறியும். நானே முறித்திருக்கிறேன். முதல் தடவை அந்த நொறுங்கல் கைக்குள் கேட்டபோது கையை எடுத்துவிட்டேன். பின்னால் நின்ற மூத்த தாதி, "எலும்பு பொருந்தும், அழுத்து" என்றார். விலா ஆறு வாரத்தில் ஒட்டிவிடும். இதயம் நின்ற ஆள் உங்கள் கைபடும் முன்பே செத்த நிலையில் இருக்கிறார். அதைவிட மோசமாக்க உங்களால் முடியாது. பழி சொல்லும் சனம் எதற்கும் சொல்லும்.

எண்ணுவது பற்றி ஒரு நுணுக்கம், இது எந்தக் கைநூலிலும் இல்லை. தமிழில் முப்பதுவரை எண்ணிப் பாருங்கள். "இருபத்தேழு" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு அழுத்தம் போய்விடும். நாக்குக்காகக் கை மெதுவாகும். நான் ஒன்று முதல் பத்துவரை மூன்று தடவை எண்ணுவேன். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு விரலை மடக்கப் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வேன்.

ஒழுங்கைமூலை (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.00)

அந்தியேட்டி முடிந்து இன்றுதான் பயிற்சி வைத்தோம். முதலுதவி படிப்பிக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் இரண்டு பொம்மைகளோடு வந்தார். 23 பேர். சரியான ஆழம் போனால் பொம்மை "டிக்" என்று சத்தம் போடும். முதல் சுற்றில் எனக்கு ஒரு டிக்கும் வரவில்லை. மெதுவாகத் தடவியிருக்கிறேன். அந்த ஆசிரியர் என் முழங்கையை நிமிர்த்தி, தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். அப்போதுதான் கேட்டது. அதற்குப் பிறகு விடாமல் இரண்டு நிமிடம். எழும்பும்போது கை நடுங்கியது, சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. 5 சென்ரிமீற்றர் என்று வாசிக்கும்போது சின்னதாக இருக்கிறது. அழுத்தும்போதுதான் அது எவ்வளவு என்று தெரிகிறது.

சித்தி வந்திருந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்து பார்த்தார். எல்லோரும் செய்து முடிந்ததும் எழும்பி வந்து, "நெஞ்சு எரிகிறது என்று மத்தியானம் சொன்னபோதே இதைச் செய்திருக்க வேண்டுமா?" என்று ஆசிரியரைக் கேட்டார். இல்லை, கதைத்துக்கொண்டிருக்கும் ஆளை அழுத்தக் கூடாது, அது மாரடைப்பின் வலி, இதயம் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது, அந்த நேரத்தில் 1990க்கு அடித்திருக்க வேண்டும் என்றார் அவர். சித்தி தலையாட்டினார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்காலில் இருந்து அழுத்தினார். டிக் வந்தது.

பெட்டி விடயம்: கணக்குப்பிள்ளை ஐயாவையே பொறுப்பாகப் போட்டுவிட்டோம். ஐந்து வேண்டாம், இங்கே ஒன்று, மற்றது நெடுந்தீவு இறங்குதுறைக்கு. மீதிக் காசு தாளுக்கும் பற்றறிக்கும் வங்கியில். வாசிகசாலைச் சுவரில், தெருவைப் பார்த்தபடி, நிழல் பக்கமாகத் தொங்கும். பூட்டு இல்லை. தலைவர், "கள்ளன் எடுத்தால்?" என்று கேட்டார். பின்வாங்கில் இருந்து ஒரு ஆச்சி, "கள்ளனுக்கும் நெஞ்சு இருக்குத்தானே" என்றார். அத்தோடு கூட்டம் முடிந்தது.

ஸ்காபரோ குளிர் (திங்கள், அதிகாலை 2.10)

கல் வேண்டாம். பெயரும் வேண்டாம். தமிழ் மட்டையை யாராவது எழுதி அனுப்புங்கள், இங்கேயே அச்சடித்து ஒட்டி அனுப்புகிறேன்.

மூன்றுசில்லு (திங்கள், இரவு 11.35)

இப்போதுதான் ஓடிப் பார்த்தேன். பெரிய சந்தியில் இருந்து வாசிகசாலைச் சுவருக்கு ஓட்டோவில் 2 நிமிடம், திரும்பத் திடலுக்கு இன்னும் ஒன்று. ஆனால் பெட்டி தொங்கப்போகும் இடத்தில் கும்மிருட்டு. வெளிவிளக்கு எரிந்துபோயிருக்கிறது, எத்தனை மாதமோ தெரியாது. கடையைத் தட்டி எழுப்பி ஒரு குமிழ் வாங்கிப் போட்டுவிட்டேன். 450 ரூபாய். கணக்குப்பிள்ளை ஐயா எழுதிக்கொள்ளவும்.